மானின் கண்

உயர்தரத்துக்குச் சித்திரத்தை ஒரு பாடமாக எடுத்தபோது, நீர்வர்ணம் இலேசானது என்றே நினைத்திருந்தேன். சின்ன வயதில் எல்லோரும் கையில் எடுக்கும் வர்ணப்பெட்டிதானே! முதலாம் தவணையிலேயே அந்த எண்ணம் போய்விட்டது. பஸ்டலில் பிழை விட்டால் மேலே பூசி மறைக்கலாம். நீர்வர்ணத்தில் அப்படி முடியாது. வெள்ளை வேண்டுமென்றால் கடதாசியையே வெள்ளையாக விட்டுவைக்க வேண்டும். முதலில் மெல்லிய நிறம், அது காய்ந்த பிறகுதான் கடும் நிறம். அவசரப்பட்டால் எல்லாம் சேறாகிவிடும்.

பயிற்சிக்கு நான் தெரிவு செய்தது புள்ளிமான். யானைக்குப் பக்கத்தில் நின்று வரைய யாரால் முடியும்? மானைத் தேடிக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. சீனன்குடாவில் பஸ் ஏறித் திருகோணமலையில் இறங்கினால், பிரட்றிக் கோட்டைப் பக்கம் மனிதரைச் சட்டை செய்யாமல் மேய்ந்துகொண்டு நிற்கும். சனிக்கிழமை வகுப்பு முடிந்து வாப்பா வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை, அவற்றைப் பார்த்துப் பென்சிலால் கீறுவேன்.

முதல் படத்தில் புள்ளிகளை மழைத்துளி போல உடம்பெங்கும் தெளித்துவிட்டேன். தம்பி பார்த்துவிட்டு, "மானுக்கு அம்மை போட்டிருக்கா தாத்தா?" என்று கேட்டான். அடுத்த சனிக்கிழமை உற்றுப் பார்த்தேன். முதுகுத்தண்டு வழியே ஒரு கரும்பட்டை. அதன் இரு பக்கமும் புள்ளிகள் வரிசையாகப் போகின்றன. வயிற்றுக்குக் கிட்ட உள்ளவை நெருங்கி, அறுந்த கோடு மாதிரித் தெரிகின்றன. இதைப் பதினேழு வருடம் நான் பார்க்கவேயில்லை.

புள்ளிகளை விட்டுவைக்க ஒரு வழி கிடைத்தது. வெள்ளை மெழுகுதிரியின் முனையால் அழுத்திப் புள்ளி வைத்துவிட்டு, மேலே மண்ணிறத்தைப் பூசினால் மெழுகில் நிறம் ஒட்டாது. கழுத்து மயிருக்குத் தூரிகையைத் துணியில் ஒற்றி, அரைகுறை ஈரத்தோடு மெல்ல இழுக்க வேண்டும். வயிற்றின் வெளிர் நிறத்துக்கு மட்டும் கடதாசியை முதலில் நனைத்துவிட்டு நிறத்தை விட்டால், அது தானாகவே பரவிக் கரையும். இதெல்லாம் வெயில் காலத்துக் கதை. மார்கழி மழையில் எங்கள் வீட்டில் துணியே காயாது, கடதாசி எங்கே காயும்! பொறுமையில்லாமல் ஈரத்தின் மேல் மீண்டும் பூசப்போய், மானின் தொடையில் பூக்கோவா விரிந்ததுபோல ஒரு கறை வந்தது. அப்படி மூன்று மான்கள் போயின.

வாப்பும்மாவின் கவலை வேறு. "உசிருள்ளத வரையாத புள்ள. வரையத்தான் வேணுமெண்டா கண்ண வெக்காம உடு" என்றார். நான் வாதாடினேன். முகலாயச் சக்கரவர்த்தி ஜஹாங்கீரின் அரசவையில் மன்சூர் என்ற ஓவியர் விலங்குகளையும் பறவைகளையும் வரைந்திருக்கிறார். அவருடைய வரிக்குதிரை ஓவியம் 1621ஆம் ஆண்டுக்குரியது. அந்தக் குதிரையின் கோடுகள் யாரோ பூசிய மையாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டுப் பரிசோதித்தார்களாம். வாப்பும்மா வெற்றிலையை மடித்தபடி, "ராசாமாரு செஞ்சதெல்லாம் நமக்குச் சட்டமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

இஸ்லாம் பாட ஆசிரியையிடம் கேட்டேன். இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, கல்விக்காக வரைவதை அனுமதிப்பவர்களும் இருக்கிறார்கள் என்று விளக்கினார். பிறகு, "இதைக் கொண்டுபோய் வாப்பும்மாவை வெல்லப் பார்க்காதீர்கள்" என்றும் சொன்னார். அதனால் நான்காவது மானை வரைந்தபோது கண் இருக்கவேண்டிய இடத்தைச் சும்மா விட்டேன்.

அந்த மான் நான் உண்மையில் கண்ட மான். குப்பைக்குள் தலையைக் குனிந்து, சோற்றுப் பார்சல் கட்டிய ஒரு ஷொப்பிங் பேக்கை மென்றுகொண்டு நின்றது. நானும் இன்னொருவரும் விரட்டிப் பார்த்தோம். பையோடேயே ஓடிவிட்டது. பொலித்தீனின் மினுக்கத்தை வரைவது மயிரை வரைவதைவிடக் கஷ்டம். அதற்கும் கடதாசியின் வெள்ளைதான் வேண்டும், ஓரத்தில் சாம்பல் நிறம் கொஞ்சம்.

வாப்பும்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"வாயில என்ன?"

"ஷொப்பிங் பேக் வாப்பும்மா. கறி மணத்துக்குத் திங்குது."

"திண்டா மவுத்தாப் போகாதா?"

"வகுறு அடைச்சிப் போகும்."

நெடுநேரம் படத்தைக் கையிலேயே வைத்திருந்தார். "வாயில்லாச் சீவன்" என்றார். பிறகு, "சுவரில மாட்டாத. தொழுற அறைக்குள்ளயும் கொண்டு வராத. பைலுக்குள்ள வெச்சிரு" என்று திருப்பித் தந்தார். கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நானும் கேட்கவில்லை. இரண்டு நாள் அந்த வெற்றிடத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். மூன்றாம் நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து, கடும் மண்ணிறத்தில் கண்ணை வைத்தேன், நடுவில் குண்டூசித் தலையளவு வெள்ளையை விட்டு. கடதாசியில் இன்னும் ஈரம் இருந்திருக்கிறது. நிறம் மூக்குப் பக்கமாகச் சற்று வழிந்தது. ரிஷுவால் ஒற்றி எடுத்தும் முழுதாகப் போகவில்லை. சித்திர ஆசிரியை, அந்த இடம் நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார். வழிந்ததை நான் அவருக்குச் சொல்லவில்லை. படம் பைலுக்குள்தான் இருக்கிறது.