மேலே குட்டை, கீழே நெட்டை

என் ஆய்வேட்டில் ஒரு படத்துக்குக் கீழே தப்பான குறிப்பு எழுதினேன். ஏமாற்றும் எண்ணம் கிடையாது, சோம்பல்தான். ஆனால் படத்தைப் பார்க்கிறவருக்கு என் எண்ணமா தெரியப்போகிறது?

உப்பு நீரில் நெல் நாற்றின் வேர் எவ்வளவு வளர்கிறது என்று அளப்பது என் வேலை. ஒவ்வொரு உப்பளவுக்கும் ஆறு தொட்டி. முதலில் மேட்பிளாட்லிப்பில்தான் வரைந்துகொண்டிருந்தேன். நரம்பியல் ஆய்வாளரான ஜான் ஹன்டர் பைத்தான் நிரல்மொழிக்காக எழுதி 2003இல் வெளியிட்ட வரைபட நூலகம் அது. எதை வேண்டுமானாலும் வரையும், ஆனால் எல்லாவற்றையும் நாம்தான் சொல்ல வேண்டும். சராசரி, திட்ட விலக்கம் எல்லாம் கணக்குப் போட்டு, பட்டையின் மேல் நிற்கும் பிழைக்கோட்டின் நீளத்தையும் கையில் கொடுக்க வேண்டும்.

பிறகு ஜூனியர் பையன் ஒருவன் சீபார்னைக் காட்டினான். மைக்கேல் வாஸ்கம் உருவாக்கியது. மேட்பிளாட்லிப்பின் மேல் ஏறி உட்கார்ந்து அதையே வேலை வாங்கும். எந்த நெடுவரிசை கீழே, எது பக்கவாட்டில் என்று ஒரே வரி எழுதினால் போதும். பட்டைகள் எழும்பும், நிறம் பொருந்தும், பிழைக்கோடும் தானாக வந்து நிற்கும். நிரலில் அதை 'எஸ்என்எஸ்' என்று சுருக்குவது ஏன் என்றுகூடத் தேடிப் படித்தேன். 'தி வெஸ்ட் விங்' தொடரில் வரும் சாமுவேல் நார்மன் சீபார்ன் என்ற பாத்திரத்தின் முதலெழுத்துகள். டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லிப் பீற்றிக்கொண்டதும் உண்டு. அந்தப் பிழைக்கோடு எதைக் காட்டுகிறது என்று மட்டும் தேடவில்லை. பழைய படங்களில் போட்டது திட்ட விலக்கம், இதுவும் அதுவாகத்தான் இருக்கும் என்று 'சராசரி ± திட்ட விலக்கம்' என எழுதிவிட்டேன்.

ஆய்வேடு சமர்ப்பிப்பதற்கு முந்தைய கருத்தரங்கில் ஒரு பேராசிரியை கேட்டார்: "திட்ட விலக்கம்னா மேலயும் கீழயும் ஒரே நீளமா இருக்கணுமேப்பா? மூணாவது பட்டையில மேல குட்டையா, கீழ நெட்டையா இருக்கே?"

திரையைப் பார்த்தேன். சராசரி 10.7 செ.மீ. கோடு மேலே 12.2 வரை, கீழே 8 வரை. மாதக்கணக்கில் என் மேசைக்கு எதிரே ஒட்டியிருந்த படம் அது.

"சாஃப்ட்வேர் அப்படித்தான் போடும், மேடம்" என்றேன். முதல் தப்பு தெரியாமல் செய்தது. இதைத் தெரிந்தே செய்தேன்.

அன்று இரவுதான் விளக்கக் குறிப்பைத் திறந்தேன். நாம் எதுவும் சொல்லாவிட்டால் சீபார்ன் பட்டையின் மேல் போடுவது 95 சதவீத நம்பக இடைவெளி. ஆறு அளவுகளைக் குலுக்கி, எடுத்ததைத் திரும்பப் போட்டு, மறுபடி ஆறு எடுக்கும். இப்படி 1,000 முறை சராசரி கண்டு, இரு ஓரங்களையும் வெட்டிவிட்டு நடுவில் உள்ள 95 சதவீதத்தைக் கோடாக்கும். நாற்றுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பது திட்ட விலக்கம். சராசரியை எவ்வளவு நம்பலாம் என்பது இந்தக் கோடு. அந்த மூன்றாவது பட்டையின் தரவில் திட்ட விலக்கம் 3.3.

பட்டையை எடுத்துவிட்டு ஒவ்வொரு நாற்றையும் புள்ளியாக வைக்கச் சொன்னேன். அதற்கும் சீபார்னில் ஒரே வரிதான். மூன்றாவது உப்பளவில் ஐந்து புள்ளிகள் 12 செ.மீ. பக்கத்தில் நெருக்கியடித்து நின்றன. ஆறாவது தன்னந்தனியாக 4இல் கிடந்தது. குறிப்பேட்டைப் புரட்டினேன். பென்சிலில் என் கையெழுத்து: 'தொட்டி 6 – கை பட்டுச் சாய்ந்தது, மறுநடவு.' இந்த உப்பளவிலேயே வேர் குறுகத் தொடங்குகிறது என்று ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தேன். அந்தப் பத்தி நின்றதே அந்த ஒற்றைத் தொட்டியின் மேல்தான்.

பத்தியை நீக்கினேன். புள்ளிகளோடு படத்தை மாற்றினேன். கோடு இன்னதென்று குறிப்பில் எழுதினேன், சாய்ந்த தொட்டியையும் சேர்த்து. திருத்தியதைப் பேராசிரியைக்கு அனுப்பியபோது, அன்று மேடையில் சொன்ன பதிலைப் பற்றி ஒரு வரி தட்டினேன். அனுப்புவதற்கு முன் அழித்துவிட்டேன்.

மேடம், சாஃப்ட்வேர் அப்படித்தான் போடும் என்பது அன்று எனக்கே தெரியாது.