எந்தப் பேட்டையின் கபாப்?

கொல்கத்தாவில் நல்ல கபாப் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், கடையின் பெயருக்கு முன்னால் பேட்டையின் பெயர்தான் வருகிறது. பார்க் ஸ்ட்ரீட், பார்க் சர்க்கஸ், ஜக்காரியா ஸ்ட்ரீட், கிதிர்பூர், மெட்டியாபுரூஜ். கூடவே அந்தப் பேட்டைக்கு ஒரு நடத்தைச் சான்றிதழும் வந்துவிடும். “அங்கே குடும்பத்தோடு போகலாம்.” “அங்கே இருட்டுவதற்குள் திரும்பிவிடு.” “அங்கே ரம்ஜான் மாதத்தில் மட்டும் போ, ஊரே வந்திருக்கும்.” கறி எப்படி வெந்திருக்கும் என்ற பேச்சு அதற்கு அப்புறம்தான்.

நான் தங்கியிருந்தது லேக் மார்க்கெட் பக்கம், தூரத்து உறவில் அக்கா முறையாகும் ஒருவர் வீட்டில். தமிழர்கள் பல தலைமுறையாகக் குடியிருக்கும் இடம் அது. கறிவேப்பிலையும் வாழைப்பூவும் நடைபாதையிலேயே கிடைக்கும். இட்லிக்கும் காபிக்கும் கோமள விலாஸ் இருக்கிறது. அக்கா அங்கே வாழ்க்கைப்பட்டுப் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வங்காளம் பேசினால் வங்காளிகளே சொந்த ஊர் எது என்று கேட்கமாட்டார்கள். ஆனால் ஜக்காரியா ஸ்ட்ரீட் என்று நான் சொன்னதும் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு, “அங்கெல்லாம் எதுக்குடி போற? அது ஒரு மாதிரி ஏரியா. நான் இத்தனை வருஷத்துல போனதே இல்ல” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் பெரம்பூரில் வளர்ந்தவள். வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று சொன்னால் அண்ணா சாலையில் ஆட்டோக்காரர் முகம் எப்படி மாறும் என்று சின்ன வயசிலிருந்தே பார்த்திருக்கிறேன். ‘ஒரு மாதிரி ஏரியா’ என்ற சொல்லை எங்கள் தெருவைப் பற்றிப் பேசும்போது நானே கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் அங்கே கால் வைத்திருக்கமாட்டார்கள். அக்காவிடம் வாதாடவில்லை. போகத்தான் போகிறேன் என்று அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது.

அதற்கு முன்னால் பார்க் ஸ்ட்ரீட்டுக்கு நியாயம் செய்யவேண்டும். என்னை அங்கே அழைத்துப்போனவர் பாலிகஞ்சில் வசிக்கும் ஒரு வங்காளப் பெண்மணி. கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் அவரை தீதி என்றுதான் கூப்பிடுவேன். நகரத்தின் சிறந்த கபாப் பீட்டர் கேட்டின் சேலோ கபாப்தான் என்பது அவர் கட்சி. 1975இல் தொடங்கிய உணவகம். வெளியே எப்போதும் வரிசை நிற்கிறது. வெண்ணெய் போட்ட சோறு, அதன்மேல் முட்டை, இரண்டு பக்கமும் சீக் கபாப், கோழித்துண்டுகள், சுட்ட தக்காளி. ஈரானியச் சாப்பாடு கொல்கத்தாவுக்கு வந்து, இந்த ஊர்க்காரர்களின் பிறந்தநாள் சாப்பாடாக மாறியிருக்கிறது. சாப்பிட நன்றாகவே இருந்தது. ஆனால் என் நாக்கில் தங்கியது வெண்ணெயும் சோறும்தான். கபாப் அதற்குத் தொடுகறியாக வந்துபோனது. அதே தெருவில் பார்-பி-க்யூ என்றே பெயர் வைத்த பழைய உணவகமும் இருக்கிறது. அங்கே கூட்டம் அலைமோதுவது சில்லி சிக்கன் போன்ற சீனப் பதார்த்தங்களுக்கு.

நான் இதைச் சொன்னதும் தீதி ஒத்துக்கொள்ளவில்லை. “நீ கறியை மட்டும் பார்க்கிறாய். நான் இருபது வயசில் தோழிகளோடு வந்து, யாரும் முறைக்காமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட முடிந்த இடம் இந்தத் தெருதான். அதுவும் ருசியில் சேர்த்திதான்” என்றார். இதைத் தள்ளிவிட முடியாது. எந்தக் கடையில் கறி நன்றாக இருக்கும் என்று ஆண்கள் பட்டியல் போடும்போது, எங்கே நிம்மதியாக உட்காரலாம் என்ற கணக்கைப் பெண்கள் மனசுக்குள் தனியாகப் போட்டுக்கொண்டே இருக்கிறோம். ஆனால் அந்தக் கணக்கிலும் பேட்டையின் பெயர் புகுந்துவிடுகிறது. 2012 பிப்ரவரியில் இந்தத் தெருவின் கேளிக்கை விடுதியிலிருந்து வீடு திரும்பக் கிளம்பிய ஒரு பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு வன்கொடுமை செய்தார்கள். பார்க் ஸ்ட்ரீட் வழக்கு என்று நாடு முழுக்கப் பேசப்பட்டது. அதற்குப் பிறகும் பார்க் ஸ்ட்ரீட்டுக்குப் போகாதே என்று யாரும் யாரிடமும் சொல்வதாக எனக்குத் தெரியவில்லை. ஜக்காரியா ஸ்ட்ரீட்டுக்கு அப்படி ஒரு வழக்கும் வேண்டியிருக்கவில்லை, பெயர் கெட்டுப்போக.

அந்தப் பெயருக்குப் பின்னால் பழைய பயம் இருக்கிறது. 1946 ஆகஸ்ட் 16இல் தொடங்கிய கலவரத்தில் மத்தியக் கல்கத்தாவின் சந்துகளில் இந்து, முஸ்லிம் இரண்டு சமூகத்தாரும் மாறி மாறிச் செத்தார்கள். தீதியின் அப்பா அந்த நாட்களில் மொட்டை மாடியில் ஒளிந்திருந்தவர். அவர் பிள்ளைகளிடம் சொன்ன எச்சரிக்கை பேரப்பிள்ளைகள் வரைக்கும் வந்திருக்கிறது. கலவரம் பார்த்தவர் பயந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எண்பது வருஷம் கழித்து, அதே பயத்தை ஒரு சாப்பாட்டுத் தெருவின் விலாசமாக வைத்திருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஜக்காரியா ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். அங்கே நகோதா மசூதி செம்மண் நிறத்தில் எழுந்து நிற்கிறது. கச்சி மேமன் வணிகர்கள் பணம் போட்டு 1926இல் கட்டத் தொடங்கியது. சிக்கந்தராவில் உள்ள அக்பர் சமாதியை மனதில் வைத்துக் கட்டினார்கள். அதன் காலடியில் அத்தர் கடை, தொப்பிக் கடை, உலர்பழக் கடை, லுங்கிக் கடை. டிசம்பர் மாதத்து மாலை. மஃரிப் தொழுகை முடிந்த கூட்டம் தெருவில் கலந்தது. பர்தா அணிந்த பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சாமான் பேரம் பேசினார்கள். என்னைத் திரும்பிப் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அத்தர் விற்க, இன்னொருவர் என் பை திறந்திருக்கிறது என்று சொல்ல.

மசூதிக்குப் பக்கத்திலேயே, கொலூட்டோலாவில் ஃபியர்ஸ் லேன் என்று ஒரு சந்து. அங்கேதான் ஆதாம் கபாப் கடை. கடை என்றால் ஒரு அடுப்பு, ஒரு பலகை, சுற்றி நிற்கிற ஆட்கள், அவ்வளவுதான். அங்கே சுத்தா கபாப் போடுகிறார்கள். நூல் சுற்றிய கபாப். மாட்டுக்கறியை மையாக அரைத்து, மசாலா சேர்த்து ஊறவைத்த விழுது அது. கம்பியில் பிடித்தால் நிற்காது, அத்தனை இளக்கம். அடுப்புக்காரர் விழுதைக் கம்பியில் அப்பி, ஈரக்கையால் நீவி, நூலை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை சரசரவென்று சுற்றுகிறார். நூல்தான் அதைத் தாங்குகிறது. கரியின் மேல் வைத்து விசிறியால் வீசினால் கொழுப்பு சொட்டிப் புகை எழும்புகிறது. விழுது இறுகும்வரை கம்பியைத் திருப்பிக்கொண்டே இருக்கிறார். வெந்ததும் நூலின் முனையைப் பிடித்து ஒரே இழுப்பு. நூல் கையோடு வந்துவிடும். கபாப் தட்டில் உதிர்ந்து விழும். மேலே வெங்காயம், எலுமிச்சை.

வாயில் போட்டால் கடிக்க வேலையில்லை. முதலில் புகை, அடுத்து காரம், கடைசியில் கறியின் இனிப்பு. பெரம்பூர்க்காரிக்கு மாட்டுக்கறி புதிதில்லை. எங்கள் பக்கத்துச் சுக்காவும் வறுவலும் பல்லுக்கு வேலை வைக்கும், அதுதான் அவற்றின் ருசி. இங்கே பல் இல்லாதவரும் சாப்பிடலாம். பக்கத்தில் நின்ற பெரியவருக்கு உண்மையிலேயே முன்பற்கள் இல்லை. அவரும் தட்டை வழித்துக்கொண்டிருந்தார்.

கூட வந்திருந்த மருமகனோடு அவருக்கு ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. மருமகன் மெட்டியாபுரூஜில் துணி தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். அவர் கட்சி இது: 1856இல் லக்னோவை இழந்த நவாப் வாஜித் அலி ஷா வந்து இறங்கியது மெட்டியாபுரூஜில், அவர் 1887இல் சாகும்வரை சமையல்காரர்களோடு வாழ்ந்ததும் அங்கேதான், ஆகவே கபாபின் தாய்வீடு தங்கள் பேட்டைதான். பெரியவர் வெங்காயத்தை மென்றுகொண்டே, “நவாப் போய்ச்சேர்ந்து எத்தனை காலம் ஆச்சு? இன்னிக்கு அடுப்பை யார் மூட்டறான், அதைச் சொல்லு” என்றார். பார்க் சர்க்கஸ் எப்படி என்று நான் கேட்டேன். “அங்கே குளிர்சாதனத்துக்குக் காசு வாங்குகிறார்கள்” என்றார். அது அநியாயம். பார்க் சர்க்கஸில் 1941இலிருந்து இருக்கும் ஷிராஸில் நான் சாப்பிட்ட பிரியாணிக்கும், பக்கத்துக் கடைகளில் கரியில் வாட்டிய கோழிக்கும் ஒரு குறையும் சொல்லமுடியாது.

சரி, மெட்டியாபுரூஜுக்கு நாளைக்கு ஒரு நடை போய்ப் பார்க்கிறேன் என்றேன். பெரியவர் தட்டைக் கீழே வைத்தார். மருமகனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “இருட்டுவதற்குள் திரும்பிவிடு, மகளே. அது ஒரு மாதிரியான இடம்” என்றார். லேக் மார்க்கெட்டில் அக்கா சொன்ன அதே வாக்கியம். அக்கா எந்தப் பேட்டையைப் பற்றிச் சொன்னாரோ, அந்தப் பேட்டையின் நடுவே நின்றுகொண்டு இவர் சொல்கிறார். மருமகன் சிரித்தார். கேட்டுப் பழகியிருக்கவேண்டும்.

நான் எந்த ஊர் என்று கேட்டார்கள். சென்னை என்றதும் பெரியவர் முகம் மலர்ந்தது. வேலூர் தெரியுமா என்றார். மனைவியின் வைத்தியத்துக்காக சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து பல வாரம் தங்கியிருக்கிறார். வங்காளத்திலிருந்து வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் எத்தனை பேர் என்பது, மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் தொங்கும் லாட்ஜ் பலகைகளையும் மீன்சோற்றுக் கடைகளையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். வேலூர் மருத்துவர்களை வாயாரப் புகழ்ந்தார். பிறகு சொன்னார்: “ஆனால் உங்கள் ஊர் கபாப், மகளே, அது கபாப் இல்லை. சிவப்பாகப் பொடி பூசி எண்ணெயில் பொரிக்கிறார்கள். எடை போட்டு விற்கிறார்கள். எண்ணெயில் போட்டால் அது பக்கோடா. நெருப்பில் காட்டினால்தான் கபாப்.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்தச் சிவப்புக் கபாபை நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பொட்டலத்தில் வாங்கித் தின்று வளர்ந்தவள். அதில் மொறுமொறுவென்று பொரிந்த கறிவேப்பிலைக்கு ஈடு கொல்கத்தாவில் எதுவும் இல்லை என்றேன். திருவல்லிக்கேணியிலும் பெரியமேட்டிலும் கரியில் வாட்டும் சீக் உண்டு, ஆம்பூரில் உங்கள் உருளைக்கிழங்கு பிரியாணியைத் தூக்கிச் சாப்பிடும் பிரியாணி உண்டு, வேலூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான் என்றேன். ஆம்பூருக்குப் போனீர்களா என்று கேட்டேன்.

போகவில்லை என்றார். சாயங்காலம் ஆனால் லாட்ஜை விட்டு வெகுதூரம் போகவேண்டாம் என்று லாட்ஜ்காரர் சொல்லியிருக்கிறார். எந்தப் பக்கம் போகக்கூடாது என்று விரலை நீட்டியும் காட்டியிருக்கிறார். “வியாதிக்காரியை வைத்துக்கொண்டு அந்நிய ஊரில் வேறு என்ன செய்வேன்? சொன்னதைக் கேட்டேன்.” அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது. அவர் மனைவி இப்போது நலமாக இருக்கிறார். பொட்டலத்தில் ஒரு பங்கு கபாப் வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

மெட்டியாபுரூஜுக்கும் போனேன். துணி மூட்டைகளும் தையல் மிஷின் ஓசையுமாக, உழைக்கிறவர்களின் இடம். கபாப் சுமார். அடுப்பு நல்ல அடுப்பு, கைதான் அவசரப்பட்டது. பழைய நவாபின் பெருமையை அது தாங்கவில்லை.

பேட்டைச் சண்டையில் யாருக்கும் பகையில்லாத இடம் ஒன்றுண்டு. நியூ மார்க்கெட்டை ஒட்டி 1932இல் தொடங்கிய நிஜாம்ஸ். கபாபைப் பராட்டாவில் சுருட்டிக் காகிதம் சுற்றிக் கையில் கொடுக்கும் வழக்கம் அங்கே பிறந்தது என்கிறார்கள். பின்னாளில் கனமான இரும்புக் கம்பியை விட்டுவிட்டு மூங்கில் குச்சிக்கு மாறினார்கள். பட்டியல் போட்டவர்களில் ஒருவர்கூட அந்த இடத்துக்குக் குறை சொல்லாததற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்: ரோலை வாங்கிக்கொண்டு நடந்துவிடலாம். யார் பேட்டையிலும் உட்கார வேண்டியதில்லை.

என் தீர்ப்பு இது. கொல்கத்தாவின் சிறந்த கபாப் ஃபியர்ஸ் லேனின் சுத்தா கபாப். அடுத்த இடம் பார்க் சர்க்கஸுக்கு. சேலோ கபாப் நல்ல சாப்பாடு, தோழிகளோடு போய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஜக்காரியா ஸ்ட்ரீட்டுக்கு ரம்ஜான் மாதத்துக் கூட்டத்தோடு கூட்டமாகப் போவதைவிடச் சாதாரண நாள் ஒன்றில், மாலையில் போங்கள். பெண்கள் தாராளமாகப் போகலாம். வேலூரில் லாட்ஜ் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வங்காளத்திலிருந்து வந்தவர் யாராவது கபாப் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், எந்தப் பேட்டையாக இருந்தாலும் சரி, கரியடுப்பு உள்ள கடைக்கு வழி சொல்லுங்கள். ஒருநாள் ஒழிந்தால் ஆம்பூர் பஸ்ஸிலும் ஏற்றிவிடுங்கள்.