இரு சதுரங்க வல்லுநர்

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சதுரங்க வல்லுநருள் நம் உள்ளங் கவர்ந்தோர், கல்கத்தாவில் எதிரெதிர் அமர்ந்த இருவர். வழக்கறிஞர் ஜோன் கொக்கிறேன் வேகமே உருவானவர். 1848 இல் இரு காலாள்களுக்காகக் குதிரையையே பலியிட்டார். அப்பலியாட்டம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. வங்காளத்து மகேசசந்திர பானர்ஜியோ பொறுமையிற் சிறந்தவர். நடுக்களத்தை மாற்றானுக்கு விட்டுக்கொடுத்து, ஓரத்தினின்று அதனைத் தகர்க்க முயல்வார்.

பெரும்பாலும் வென்றவர் கொக்கிறேனே. ஆயினும், 1855 இல் மகேசர் ஆடிய தொடக்கம் 1922 இல் ஒஸ்திரிய நாட்டுக் குறூன்வெல்ட் கையில் மீண்டும் பிறந்து, அவர் பெயரையே பெற்றது. மகேசரின் ஆட்டங்கள் எஞ்சியமைக்குக் காரணம், எதிரே அமர்ந்த கொக்கிறேன் அவற்றைப் பேணியமையே. வென்றவர் தோற்றவரை மதித்த அப்பண்பு பெரிது.

கொச்சிக்கடையில் நாம் கற்பிக்கும் வகுப்பில், குறைந்த புள்ளி பெற்ற மாணவனின் விடைத்தாளை ஒதுக்கக் கை எழும்போதெல்லாம் மகேசர் நினைவுக்கு வருகின்றார், மறுமுறையும் படிக்கின்றோம்.