தளர்ந்த கயிறு



பலமுள்ள ஓர் இளம் நாய் நம்மை இழுத்துச் செல்லும்போது, அதைக் கீழ்ப்படியாமை என்று எண்ணிக் கோபங்கொள்கிறோம். சற்று நிதானித்துப் பாருங்கள். அது இழுக்கிறது, நாம் பின்னே ஓடுகிறோம், அது விரும்பிய மரத்தடி வந்துவிடுகிறது. இழுத்தால் கிடைக்கும் என்று ஒவ்வோர் அடியிலும் நாமே அதற்குக் கற்பித்துவிடுகிறோம்.

எங்கள் சபையில் முதிர்ந்த வயதுடைய ஒரு சகோதரி இருக்கிறார். மகன் வெளிநாட்டு வேலைக்குச் சென்றபோது, பத்து மாத ராஜபாளையம் நாய் அவர் பொறுப்பில் வந்தது. இரையைக் கண்டு துரத்துவதற்கென்றே தலைமுறைகளாக வளர்க்கப்பட்ட இனம் அது. ஒருநாள் தெருவில் பூனை குறுக்கிட, அவர் விழுந்து முழங்காலில் காயமுற்றார். “ஐயா, இதை யாருக்காவது கொடுத்துவிடட்டுமா?” என்று கேட்டபோது அவர் கண்கள் கலங்கின. மகனுடைய குரலை அலைபேசியில் கேட்டாலே வாசலுக்கு ஓடும் நாய் அது.

அயலார் கழுத்தை இறுக்கும் சங்கிலியை வாங்கச் சொன்னார்கள். அது மூச்சுக்குழலுக்குத் தீங்கு செய்யக்கூடும். வலித்த வேளையில் எதிரே கண்டவற்றின்மேல் நாய்க்கு அச்சத்தையும் சினத்தையும் வளர்க்கவும் கூடும். ஆகவே வேறு வழியைத் தேர்ந்தோம். மார்பைச் சுற்றிப் பூட்டும் பட்டையில், முன்புற வளையத்தில் கயிற்றைக் கோத்தோம். அப்போது இழுத்தால், நாயின் உடல் நம் பக்கமாகவே திரும்பும்.

முறை எளியது. கயிறு இறுகியவுடன் நின்றுவிட வேண்டும். அதட்ட வேண்டாம், பின்னுக்கு இழுக்கவும் வேண்டாம். நாய் திரும்பிப் பார்த்துக் கயிறு தளர்ந்ததும் நடக்க வேண்டும். நம் காலருகே வரும்போது, அங்கேயே ஒரு சிறு துண்டு வேகவைத்த கோழி இறைச்சி கொடுக்கலாம். முதலில் வீட்டு வளாகத்துக்குள், ஒரு வேளைக்குப் பத்து நிமிடம் போதும். முதல் மாலையில் நானும் உடன் சென்றேன். வாசலிலிருந்து தெருமுனைவரைகூட நாங்கள் போய்ச் சேரவில்லை.

இங்கேதான் பலர் சோர்ந்துபோகிறார்கள். அவசரமென்று ஒருநாள் விட்டுக்கொடுத்தால், ‘சில வேளை கிடைக்கும்’ என்று நாய் அறிந்துகொள்ளும். அதன்பின் அது முன்னிலும் விடாப்பிடியாக இழுக்கும். வீட்டில் நடத்திச் செல்வோர் அனைவரும் ஒரே முறையைக் கைக்கொள்வதும் இதனாலேயே அவசியம்.

ஆறாம் வாரத்தில் அந்தச் சகோதரி பால் வாங்கும் கடைவரை தனியே நடந்து திரும்பினார். பூனையைக் கண்டால் நாயின் உடல் இன்றும் விறைக்கிறது. அவர் நிற்கிறார், அதுவும் சற்றுநேரம் பொறுத்து அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. கொடுத்துவிடும் பேச்சு நின்றுபோயிற்று.

அன்பானவர்களே, இழுப்பவரோடு நாமும் இழுப்பது எளிது. கோபமின்றி நின்று, திரும்பிப் பார்க்கும் அந்தக் கணத்துக்காகக் காத்திருப்பதே கடினம். நம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட ஒரு ஜீவனுக்காக அந்தப் பொறுமையை இந்த வாரம் பழகுவோம். நாளைக் காலை கயிறு இறுகும்போது, ஒரு நொடி நில்லுங்கள்.