அண்ணன் கேட்ட கேள்வி

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், இயற்பியல் மாணவன் ஒருவன்)

தேர்வுத் தாளில் வரும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் மதிப்பெண் போகும். அதோடு முடிந்தது. ஆனால் சென்ற பங்குனி மாதத்தில் என் முன் வந்து நின்ற ஒரு கேள்விக்கு மதிப்பெண் எதுவும் குறிக்கப்படவில்லை. கேட்டவர் பேராசிரியரும் அல்லர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட என் அண்ணன். அந்தக் கேள்வியைத்தான் ஆண்டு மலரில் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

எங்கள் ஊர் நைனார்பாளையம். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். மழை பெய்தால் மக்காச்சோளமும் பருத்தியும் உண்டு. பெய்யாவிட்டால் கூலி வேலை உண்டு. அண்ணன் பதினாறு வயதில் நெடுஞ்சாலை ஓரத்து மோட்டார் பட்டறை ஒன்றில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தார். இன்று அங்கே எல்லோரும் அவரை ‘மேஸ்திரி’ என்கிறார்கள். இன்ஜினைப் பிரிக்காமலே சத்தத்தைக் கேட்டு, எந்த சிலிண்டரில் கோளாறு என்று சொல்லிவிடுவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அந்தப் படி என் காலடியில் ஆடாமல் இருப்பது அவர் கைகள் அதைப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான்.

ஒருநாள் மாலை பட்டறைக்குப் போயிருந்தேன். ஓரமாகப் பளபளவென்று ஒரு கார் நின்றிருந்தது. இருநூறு குதிரைத்திறனுக்கு மேல் உள்ள பெட்ரோல் கார். அதன் சொந்தக்காரர் ஒரு மரப்பெட்டியையும் கொண்டுவந்து இறக்கியிருந்தார். உள்ளே வெளிநாட்டிலிருந்து வரவழைத்த சூப்பர்சார்ஜர். அதை அந்தக் காரில் பொருத்தித் தர வேண்டும். கூலியாக மட்டும் நாற்பதாயிரம் தருவதாகச் சொல்லிப் போயிருந்தார். அம்மாவின் தோடு அப்போது அடகுக் கடையில் இருந்தது. எனக்கு அடுத்த ஆண்டுச் செலவு காத்திருந்தது. நாற்பதாயிரம் என்பது எங்கள் வீட்டில் வெறும் எண் அல்ல.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “ஏண்டா தம்பி, காத்து, சூடு, அழுத்தம் எல்லாம் உன் படிப்புல வருதுன்னு சொல்லுவியே. இதப் போட்டா இன்ஜின் தாங்குமா? இருக்கிற வேகமே இவ்வளவு இருக்க, ரோட்டுல ஓட்ற வண்டிக்கு இது வேணுமா?”

அவர் என்னிடம் பாடம் சம்பந்தமாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான். “நாளைக்குச் சொல்றேன் அண்ணே” என்றேன். நாளை என்பது நான்கு நாள் ஆகிவிட்டது.

சூப்பர்சார்ஜர் என்றால் பயந்துவிட வேண்டாம். கொல்லன் பட்டறையில் துருத்தி பார்த்திருப்பீர்கள். கரி எவ்வளவு இருந்தாலும் காற்று ஊதினால்தான் கனல் சிவக்கும். இன்ஜினும் அப்படியே. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய பதினைந்து கிலோ காற்று வேண்டும். பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக எவ்வளவு காற்றை இழுக்குமோ அவ்வளவுக்குத்தான் பெட்ரோல் எரியும். கூடுதல் காற்றை அழுத்தி உள்ளே தள்ளினால் கூடுதல் பெட்ரோல் எரிக்கலாம். கூடுதல் திறன் கிடைக்கும். அப்படித் தள்ளுகிற துருத்திதான் சூப்பர்சார்ஜர். இன்ஜினின் கிராங்க் தண்டிலிருந்தே பெல்ட் வழியாக அது சுழல்கிறது. ஆகவே தான் ஈட்டுவதில் ஒரு பங்கை இன்ஜின் முதலில் துருத்திக்காரனுக்குக் கூலியாகக் கொடுத்துவிட வேண்டும்.

உண்மையாகவே அது துருத்தி வம்சம்தான். அமெரிக்காவில் ரூட்ஸ் என்ற சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற காற்றூதி, உலைகளுக்குக் காற்றடிக்கப் பயன்பட்டது. 1885இல் ஜெர்மனியின் டைம்லர், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் செலுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1921இல் மெர்சிடிஸ் நிறுவனம் இதைப் பொருத்திய சாலைக் கார்களைக் காட்சிக்கு வைத்தது. விமானங்களுக்கோ இது ஆடம்பரம் அல்ல, அத்தியாவசியம். மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். ஊதிக் கொடுக்காவிட்டால் இன்ஜின் மூச்சுத் திணறும். கல்வராயன் மலையில் மூவாயிரம் அடி ஏறினாலே காற்றின் அடர்த்தி நூற்றுக்கு எட்டு ஒன்பது பங்கு குறைந்துவிடுகிறது. மலைக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய ஜீப் ஏன் முக்குகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனிக் கணக்கு. சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு பம்பின் அடிப்பகுதி சுடுவது தெரியும். அழுத்தினால் காற்று சூடாகும். வெளிக்காற்று 27 டிகிரி என்று வைத்து, ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், ஊதியின் திறன் நூற்றுக்கு அறுபது என்று கொண்டால், காற்று ஏறத்தாழ 89 டிகிரி சூட்டில் வெளிவருகிறது. சூடான காற்று விரியும். எனவே அழுத்தம் ஐம்பது சதவீதம் கூடியும், அடர்த்தி கூடுவது சுமார் இருபத்து நான்கு சதவீதம்தான். இன்டர்கூலர் வைத்துக் குளிரச் செய்தால் இழந்ததில் ஒரு பகுதியை மீட்கலாம். சூடு மிஞ்சினால் பெட்ரோல் நேரத்துக்கு முன் தானாக வெடிக்கும்; இன்ஜின் ‘தட்டும்’. சித்திரை வெயிலில் நம் பக்கத்தில் கணக்கு 27இல் தொடங்காது, 40இல் தொடங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கும் போட்டேன். காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியாக உயர்கிறது. இருநூறு குதிரைத்திறனை முந்நூறாக்கினாலும் உச்ச வேகம் பதினான்கு சதவீதம்தான் கூடும். இதை வெற்றி முழக்கத்தோடு அண்ணனிடம் காட்டினேன்.

அவர் சிரித்தார். “டாப் ஸ்பீடு யாருடா கேட்டா? அவரு கேக்கறது எடுப்பு. மிதிச்சா பாயணும். அதுக்குக் கணக்கு சொல்லு.”

நான் வாயடைத்துப் போனேன். நான் கேள்வியையே தவறாகப் படித்திருந்தேன். திரும்பவும் காகிதத்தை எடுத்தேன். வண்டியைப் பாயச் செய்வது இன்ஜின் அல்ல, டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வு. இயக்கப்படும் இரண்டு சக்கரங்களின் மேல் எவ்வளவு எடை இருக்கிறதோ அதற்கு மேல் பிடிப்பு கிடையாது. “இப்பவே முதல் கியர்ல அழுத்தி மிதிச்சா சக்கரம் வழுக்கிச் சுத்துமா அண்ணே?” என்று கேட்டேன். “சுத்துது. ஓட்டிப் பாத்தேன்” என்றார். “அப்படின்னா கூடுதலா வர்ற திறன் அந்த இடத்துல டயரத்தான் தேய்க்கும்” என்றேன். அவர் தலையசைத்தார். எனக்கு முதல் வகுப்பில் தேறியது போலிருந்தது.

எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் பென்ட்லி காரைப் பற்றிச் சொன்னார். அது நான் தேடிய கேள்வியேதான். இங்கிலாந்தில் பென்ட்லியின் நாலரை லிட்டர் கார் 1928இல் பிரான்சின் லெ மான் இருபத்து நான்கு மணிப் பந்தயத்தை வென்றது. அப்போதே வலுவான கார். பந்தய வீரர் பர்கின் அதற்குச் சூப்பர்சார்ஜர் பூட்ட விரும்பினார். காரைப் படைத்த டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு அது பிடிக்கவில்லை. கூடுதல் திறன் வேண்டுமானால் இன்ஜினைப் பெரிதாகச் செய்வோம்; நன்றாக அமைந்ததைக் கெடுக்க வேண்டாம் என்பது அவர் கட்சி. இருந்தும் பர்கின் விருப்பம் நிறைவேறியது. சாலைக்கான காரில் 110 குதிரைத்திறன் 175 ஆயிற்று. பந்தயக் காரில் 240. ஊதி, ரேடியேட்டருக்கு முன்னால் முகப்பில் பூட்டப்பட்டது.

1930 லெ மான் பந்தயத்தில் பர்கின், சூப்பர்சார்ஜர் பூட்டிய மெர்சிடிஸை மின்னல்போல் முந்தினார். ஆனால் ஊதி பூட்டிய இரண்டு பென்ட்லிகளும் இன்ஜின் பழுதாகி முடிவு வரை வராமல் நின்றன. மெர்சிடிஸும் நின்றது. முதலிடமும் இரண்டாமிடமும் பெற்றவை, ஊதி இல்லாத, ஆறரை லிட்டர் பென்ட்லிகள். அடுத்த ஆண்டே, 1931இல், பணமுடையில் சிக்கிய அந்த நிறுவனம் ரோல்ஸ் ராய்ஸ் கைக்குப் போயிற்று. அதற்குக் காரணம் பல. துருத்தியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வேடிக்கை என்னவென்றால், பெரிய பந்தயம் எதையும் வெல்லாத அந்த ஊதிக் காரைத்தான் உலகம் இன்றும் வியந்து பேசுகிறது. மனிதமனம் வென்றதை விடப் பாய்ந்ததை அதிகம் நேசிக்கிறது போலும்!

இதை அண்ணனிடம் சொல்லிவிட்டு, நிறுத்துகிற கணக்கையும் சொன்னேன். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, நல்ல சாலையில், ஓட்டுபவர் சுதாரிக்கும் ஒரு வினாடியையும் சேர்த்து நிற்க சுமார் 37 மீட்டர் வேண்டும். நூற்றிருபதில் அது 114 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு. தூரம் மூன்று மடங்கு. சூப்பர்சார்ஜர் பெட்டிக்குள் பிரேக் இல்லை. எங்கள் பக்கத்து நெடுஞ்சாலையில் ஆடு குறுக்கே வரும், மக்காச்சோளம் காயும், டி.வி.எஸ். வண்டியில் தீவனக் கட்டோடு பெரியவர் ஒருவர் எதிர்த்திசையிலேயே வருவார்.

சட்டமும் இடம் கொடுக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை விருப்பம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியின்றி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வேகத்துக்கு வேறு இடம் இருக்கிறது. ஒரு காலத்தில் சென்னை அருகே சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. பிறகு இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்திலும் அதற்கென்றே தடங்கள் அமைந்தன.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அண்ணன் சொன்னது எந்தப் புத்தகத்திலும் நான் காணாதது. “இது எல்லாம் சரிடா. ஆனா எனக்கு அதப் பூட்டணும்னு ஆசையா இருக்கு. பன்னெண்டு வருஷமா கிளட்ச் பிளேட்டும் ஆயிலும் மாத்தறேன். இந்த மாதிரி வேலை இனி எப்ப கைக்கு வரும்?”

அதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை. பணத்துக்காக மட்டும் அவர் தயங்குகிறார் என்று எண்ணியிருந்தேன். என் கல்விக்காக அவர் மூடிவைத்த ஆசைகளில் ஒன்று அந்த மரப்பெட்டிக்குள் இருந்தது. நான் ‘வேண்டாம்’ என்று எளிதாகச் சொல்லிவிட்டேன், இழப்பவர் அவர்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா மட்டும், “மாட்டோட தெம்பப் பாத்து மூட்டை ஏத்தக் கூடாதுப்பா. அச்சு தாங்குமான்னு பாக்கணும்” என்றார். வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றி வள்ளுவர் சொன்னதை அவர் படித்ததில்லை. ஆனால் பார வண்டி ஓட்டியிருக்கிறார்.

மறுநாள் கார்க்காரர் வந்தார். “சார், பெட்டியப் பூட்டிடலாம். ஆனா அதுக்கேத்த மாதிரி உள்ள இருக்கிற கம்ப்யூட்டரத் திருத்தணும். அதுக்கு என்கிட்ட சாமான் இல்ல. பிஸ்டன், கியர் பாக்ஸ், பிரேக் எல்லாம் பழைய திறனுக்குச் செஞ்சது. உங்களுக்கும் ஆபத்து, எதிர்ல வர்றவனுக்கும் ஆபத்து. நல்ல டயரும் பிரேக்கும் போட்டுத் தர்றேன்” என்றார் அண்ணன். அவர் கேட்டுக்கொண்டார், கோபிக்கவும் இல்லை. மரப்பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். வேறு எங்காவது பூட்டியிருக்கலாம். எங்களுக்குத் தெரியாது.

அந்த மாதம் அண்ணன் தன் சீட்டைத் தள்ளி எடுத்து என் செலவைக் கட்டினார். அம்மாவின் தோடு ஆவணியில்தான் திரும்பியது. “என்னாலதானே அண்ணே?” என்று ஒருநாள் கேட்டேன். “நீ கணக்குதான் சொன்னே. வேணாம்னு சொன்னது நான்” என்றார். பிறகு சற்று நேரம் கழித்து, “அந்த இன்டர்கூலர் எப்படிடா வேலை செய்யுது? படம் போட்டுக் காட்டு” என்றார்.

படம் போட்டேன். பட்டறைச் சுவரில் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் ஒட்டப்பட்டு அது இன்னும் இருக்கிறது. தோழர்களே, நாம் படிக்கிற படிப்பு நம் வீட்டுச் சுவரில் ஒட்டத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.