பனிமலையில் குள்ளமாகிப்போன தாமரை

சீனாவின் யுன்னான் மாகாணத்தில், திபெத் எல்லையோரம் நிற்கிறது கவகர்போ பனிமலை. உயரம் 6,740 மீட்டர். திபெத்தியர்களுக்கு இது தெய்வ மலை. உச்சியை இதுவரை யாரும் தொட்டதில்லை. அடியில் மீகாங் ஆறு ஓடுகிறது. ஆற்றையொட்டிய கிராமங்களில் பார்லி விளைகிறது. அங்கிருந்து ஏறினால் முதலில் காடு, பிறகு யாக் மாடுகள் மேயும் புல்வெளி, அதற்கும் மேலே சரளைக்கல் சரிவு. 4,000 மீட்டருக்கு மேலுள்ள அந்தச் சரிவில்தான் பனித்தாமரை பூக்கிறது.

பெயர்தான் தாமரை; சூரியகாந்திக் குடும்பத்துச் செடி இது. குளிரைத் தாங்க, கம்பளி போர்த்தியதுபோல் மேலெல்லாம் வெண்ரோமம். பல ஆண்டுகள் வளர்ந்து, வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூக்கும். விதை கொடுத்ததும் பட்டுப்போகும். குலை தள்ளிய வாழைக்காவது பக்கக்கன்று உண்டு. இதற்கு விதையை விட்டால் வேறு வழியில்லை.

அந்த விதைக்குத்தான் ஆபத்து. மூட்டுவலிக்கும் பெண்களின் நோய்களுக்கும் மருந்தென்று சொல்லி, விதை முற்றும் முன்பே பூவோடு பறித்துவிடுகிறார்கள். சுற்றுலாப் பயணிகளிடமும் நல்ல விற்பனை. பெரிய செடியாகப் பார்த்துப் பறிப்பதால், தப்பிப் பிழைத்து விதை விடுவது குட்டைச் செடிதான்.

மிசோரி தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள், காயவைத்துப் பாதுகாத்த பழைய செடிகளை ஒப்பிட்டு 2005-ல் ஒரு முடிவை வெளியிட்டனர். சுமார் 100 ஆண்டுகளில் பனித்தாமரையின் உயரம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. அதிகம் பறிக்கப்படாத அதன் பங்காளிச் செடி குறுகவில்லை. பறிக்கக் கூடாதென்று ஊர் காக்கும் புனித இடங்களில், பனித்தாமரையும் உயரமாகவே நிற்கிறது.

இதோடு வெப்பமும் சேர்ந்துகொண்டது. கவகர்போவின் மிங்யோங் பனியாறு உருகிப் பின்வாங்குகிறது. மரங்களின் எல்லை மேலேறுகிறது. குளிரைத் தேடிப் பூச்செடிகளும் மேலே நகர வேண்டும். ஆனால் மலை, ஏற ஏறக் குறுகும். உச்சிக்கு அப்பால் நிலமில்லை.

திரட்சியான கதிரை விதைக்கு ஒதுக்கிவிட்டு மற்றதைச் சாப்பாட்டுக்கு அடிப்பது விவசாயியின் வழக்கம். பனிமலையில் நடப்பது இதற்கு நேர்மாறு: நல்லது விலைக்கு, நோஞ்சான் விதைக்கு. எந்த மலையில் மூலிகை பறிப்பவரானாலும், வாளிப்பான நாலு செடியை விதை உதிரும்வரை விட்டுவைத்தால், அடுத்த தலைமுறைக்கும் அங்கே பறிக்கச் செடி இருக்கும்.