எது இரைச்சல்?

1983இல் பிரிட்டனில் ஓர் இரட்டை எல்பி வந்தது. பெயர் ‘தி எலிஃபன்ட் டேபிள் ஆல்பம்’. ‘சவுண்ட்ஸ்’ இதழில் எழுதிக்கொண்டிருந்த டேவ் ஹெண்டர்சன் தொகுத்தது. ‘கடினமான இசையின் தொகுப்பு’ என்று துணைத்தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். நேர்மையான ஆட்கள். அதை நான் கேட்கும்போதெல்லாம் என் அறைத்தோழன், “மச்சான், மிக்சி ஓடுற சத்தத்தை எதுக்குடா காசு குடுத்து கேக்கிற?” என்பான்.

அவன் கேள்வி கிண்டல்தான். ஆனால் இந்த மாதிரித் தொகுப்பை மறுவெளியீடு செய்பவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். எது மிக்சி, எது இசை?

பின்னணி சுருக்கமாக. 1976இல் த்ராபிங் கிரிஸ்ல் குழு ‘இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்’ தொடங்கியது. அடுத்த வருடம் வந்த முதல் எல்பி அச்சானது 785 பிரதிகள்தான். குழுவின் கிறிஸ் கார்ட்டர், ‘பிராக்டிகல் எலக்ட்ரானிக்ஸ்’ இதழில் வந்த ஒரு சர்க்யூட்டை எடுத்து, சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்து மாற்றி, ‘கிரிஸ்லைசர்’ என்ற கருவியைச் செய்தார். இன்ஜினியரிங் படித்த எனக்கு இந்த இசைக்குள் நுழைய வாசலே அதுதான். அவர்களைத் தொடர்ந்து ஊர் ஊராகச் சின்னக் குழுக்கள் முளைத்தன. வீட்டில் பதிவு செய்து, கேசட்டைத் தபாலில் அனுப்பினார்கள். பரிச்சயமில்லாத பத்து இருபது பேரை ஒரே இடத்தில் கேட்கத் தொகுப்புகள்தான் வழி.

இப்போது அதில் ஒன்றை மறுபடி வெளியிட வேண்டும். முதலில் மாஸ்டர் டேப் கிடைக்கணும். அந்தக் காலத்து டேப்புகள் சிலவற்றில் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். ஏறக்குறைய ஐம்பது டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைத்து உலர்த்தி, உடனே டிஜிட்டலாக்குவார்கள். டேப்பே இல்லையென்றால் நல்ல நிலையிலிருக்கும் ஓர் எல்பியிலிருந்து எடுப்பார்கள்.

அடுத்து சுத்தம் செய்வது. மென்பொருளிடம் ‘அமைதியான’ ஒரு துண்டைக் காட்டினால், அதிலுள்ள இரைச்சலைக் கற்றுக்கொண்டு பாடல் முழுக்கக் கழித்துவிடும். பாடகியின் குரல் என்றால் பிரச்சினையில்லை. இங்கே ரேடியோ கரகரப்பும் ஃபீட்பேக்கும் சிந்தசைசரின் ‘ஸ்ஸ்’ஸும்தான் இசையே. 2011இல் த்ராபிங் கிரிஸ்ல் ஆல்பங்கள் மறுபடி வந்தபோது ரீமாஸ்டர் செய்தது கார்ட்டரேதான். எந்த ‘ஸ்ஸ்’ தான் போட்டது, எது டேப் போட்டது என்று அவருக்குத் தெரியும். இருபது குழுக்களின் தொகுப்பில் யாரைக் கேட்பது? பலர் எப்போதோ பிரிந்துவிட்டார்கள். ஒப்பந்தமெல்லாம் வாய்வார்த்தை. உரிமை கேட்கத் தேடிப்போவதும் ‘இது நீங்க போட்ட சத்தமா?’ என்று கேட்கப்போவதும் ஒரே பயணம்.

இதைவிடப் பெரிய வெட்டு ஒன்று உண்டு. ஆரம்பகால சிடியில் ஏறக்குறைய 74 நிமிடம்தான் அடங்கும். இரட்டை எல்பி எளிதாக அதைத் தாண்டும். ஒரே சிடியில் அடைக்கணும் என்றால் சில பாடல்கள் வெளியே. பெயர் பெற்ற குழுவை யாரும் தூக்கமாட்டார்கள். என் வேலையில் பழைய டேட்டாபேஸை மாற்றும்போது முதலில் வரும் கேள்வி: “இந்த காலத்தை யாராவது யூஸ் பண்றாங்களா?” பதில் வராவிட்டால் அது போய்விடும். பதில் சொல்ல ஆளில்லாத குழுவுக்கு அந்த ஒரு பாடல்தான் மொத்த வாழ்வும் என்றால்? நாளை அந்த சிடியே ‘முழு ஆல்பம்’ என்று ஸ்ட்ரீமிங்கில் ஏறிவிடும்.

2016இல் செர்ரி ரெட் நிறுவனம் 1975 முதல் 1984 வரையிலான பிரிட்டிஷ் மின்னணு இசையை நான்கு சிடிக்களாக வெளியிட்டது. தலைப்பு: ‘குளோஸ் டு த நாய்ஸ் ஃப்ளோர்’. நாய்ஸ் ஃப்ளோர் என்பது எங்கள் துறைச் சொல். ஒரு கருவி தானாகவே எழுப்பும் இரைச்சலின் மட்டம்; அதற்குக் கீழே போன எதையும் கேட்பது கஷ்டம். இந்தக் குழுக்கள் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தார்கள். துடைக்கிறேன் பேர்வழி என்று அதையும் துடைத்துவிட்டால் மிஞ்சுவது சுத்தமான அமைதி. அதை வாங்க யாரும் கடைக்குப் போகவேண்டியதில்லை.